தரைக்கு ஓடு பதித்தல்: மேசனை அமர்த்துவது முதல் வேலையை ஏற்பது வரை

மாணவர்களே, சுவருக்குப் பூசிய நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு நிறம் பூசிக்கொள்ளலாம். கதவின் பூட்டுப் பிழைத்தால் கழற்றி மாற்றலாம். தரைக்குப் பதித்த ஓடு பிழைத்தால் அப்படிச் செய்ய முடியாது. உளியால் உடைத்தே எடுக்கவேண்டும். உடைத்த ஓடு மீண்டும் உதவாது; அதன் கீழிருந்த சாந்தும் உதவாது; கொடுத்த கூலியும் திரும்பாது. ஒரு குடும்பம் பல வருடங்கள் சீட்டுப் பிடித்தோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய காசைச் சேர்த்தோ செய்கின்ற வேலை இது. ஆகவே வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் பாடத்திலே தரை முடிப்புகளைப் படிக்கும்போது படிமுறைகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. ஓர் ஓடு ஏன் பிடிக்கின்றது, ஏன் கிளம்புகின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். காரணம் விளங்கினால் படிமுறைகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். எமது பிரதேசங்களில் "வீட்டுக்கு மாபிள் பதித்தாயிற்று" என்று பலரும் சொல்வர். அவர்கள் பதித்திருப்பது பெரும்பாலும் மாபிள் அன்று. மாபிள் என்பது சுண்ணக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமடைந்து உருவான உருமாறிய பாறை. நாம் கடையில் வாங்குவது களிமண்ணைச் சுட்டுச் செய்த பீங்கான் ஓடு. பேச்சில் எப்படிச் சொன்னாலும் விடைத்தாளில் "பீங்கான் தரை ஓடு" என்றே எழுதுக. வெறுமனே "ஓடு" என்று எழுதினால் கூரை ஓடா, தரை ஓடா என்ற மயக்கம் ஏற்படும்.

ஓட்டின் இயல்பு

களி, பெல்ஸ்பார், சிலிக்கா ஆகியவை பீங்கான் ஓட்டின் பிரதான மூலப்பொருள்கள். புவியியல் படிப்பவர்களுக்கு இவை பழக்கமானவை. பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களில் கயோலின் களியும், மாத்தளைப் பகுதியில் பெல்ஸ்பாரும் கிடைக்கின்றன. இவற்றை அரைத்துக் கலந்து, அழுத்தி உருவாக்கி, 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் சுடுவர். எவ்வளவு நன்றாகச் சுடப்பட்டு இறுகுகின்றதோ அவ்வளவுக்கு ஓட்டின் உள்ளேயுள்ள நுண்துளைகள் குறையும். நீர் உறிஞ்சும் அளவும் குறையும்.

இந்த நீர் உறிஞ்சும் அளவே ஓட்டைப் பற்றி அறியவேண்டிய முதல் விடயம். ஐ.எஸ்.ஓ 13006 என்னும் சர்வதேச நியமம் ஓடுகளை இதனைக் கொண்டே வகுக்கின்றது. உலர்ந்த ஓட்டின் திணிவில் 3% இற்கு மேற்படாமல் நீரை உறிஞ்சுபவை ஒரு வகுதி. 3% இற்கு மேல் 10% வரை உறிஞ்சுபவை இரண்டாவது. 10% இற்கு மேல் உறிஞ்சுபவை மூன்றாவது; சுவருக்குப் பதிக்கும் மெல்லிய ஓடுகள் பெரும்பாலும் இதனுள் அடங்கும். முதல் வகுதியிலும் 0.5% இற்கு மேற்படாதவற்றையே போசலின் என்பர். இன்று வீட்டு மண்டபங்களுக்கு வாங்கப்படும் இரண்டடிச் சதுர ஓடுகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இதனால் வரும் விளைவைக் கவனியுங்கள். சுவர் ஓட்டைச் சீமெந்துச் சாந்தில் பதிப்பதற்கு முன்னர் நீரில் ஊறவைப்பது மேசன்மாரின் பழைய வழக்கம். அதற்குத் தக்க காரணம் உண்டு. உலர்ந்த ஓடு சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும், நீர் இல்லாமற் போனால் சீமெந்து இறுகுவதற்கான இரசாயனத் தாக்கம் நிறைவுபெறாது, சாந்து மாவாகிவிடும். போசலின் ஓட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. அது நீரை உறிஞ்சாது. ஆதலால் சீமெந்துக் கூழ் அதன் துளைகளுக்குள் புகுந்து பற்றிக்கொள்ளவும் வழியில்லை. அதனை ஊறவைத்துப் பயனில்லை. வெறும் சீமெந்தைக் கரைத்து ஊற்றி ஒட்டினாலும் உறுதியான பிடிப்பு வராது. பல்பகுதியச் சேர்க்கை கலந்த ஓட்டுப் பசைச்சாந்து தேவை. நாற்பது வருடங்களுக்கு முன்னர் சரியாக இருந்த அதே முறையை இன்றைய ஓட்டுக்குச் செய்வதே பல வீடுகளில் ஓடு கிளம்புவதற்குக் காரணம் என்பது எனது எண்ணம். அந்த மேசன்மார் வேலை தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் பழகிய ஓடு வேறு.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டைக் கவிழ்த்து வைத்து அதன் பின்புறத்தில் சில துளி நீர் விடுங்கள். துளி விரைவாக மறைந்து ஈர அடையாளம் பரவினால் அது நுண்துளை மிக்க ஓடு. துளி முத்துப்போல் அப்படியே நின்றால் பசைச்சாந்து இல்லாமல் அதனைப் பதிக்க எண்ண வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்கவேண்டிய வேறு இரண்டு விடயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளின் பக்கத்தில் நிறச்சாயல், அளவு ஆகியவற்றைக் காட்டும் தொகுதி இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாப் பெட்டிகளிலும் அவை ஒன்றாக இருக்கவேண்டும். ஒரே பெயருள்ள ஓடாயினும் வேறு தொகுதியாயின் நிறம் மட்டுக்கு மட்டு மாறும். அளவும் மில்லிமீற்றர் கணக்கில் மாறும். அடுத்தது வழுக்கல். கண்ணாடிபோல் மினுக்கிய ஓடு மண்டபத்துக்கு அழகு. குளியலறைக்கும் திறந்த விறாந்தைக்கும் அது ஆபத்து. அம்மம்மா ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்புக்குச் செலவாகும் காசு ஓட்டுக்குச் செலவானதை மிஞ்சிவிடும். ஈரம் படும் இடங்களுக்குச் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஓட்டையே தெரிய வேண்டும்.

எத்தனை ஓடுகள் தேவை?

கணித பாடத்தில் நீங்கள் படித்த பரப்பளவும் சதவீதமும் இங்கே பயன்படுகின்றன. ஆயினும் பரப்பளவு மட்டும் போதாது என்பதைக் காட்டவே இந்த உதாரணத்தைத் தருகிறேன்.

ஒரு மண்டபத்தின் நீளம் 5 மீற்றர், அகலம் 3.8 மீற்றர். பதிக்கவுள்ள ஓடு 60 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம். ஒரு பெட்டியில் 4 ஓடுகள். ஓடுகளுக்கிடையிலான இடைவெளிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மண்டபத்தின் பரப்பளவு 5 × 3.8 = 19 சதுர மீற்றர். ஓர் ஓட்டின் பரப்பளவு 0.6 × 0.6 = 0.36 சதுர மீற்றர். 19 ÷ 0.36 = 52.8. ஆகவே 53 ஓடுகள். வெட்டுச் சேதத்துக்கு 10% சேர்த்தால் 58.3, அதாவது 59 ஓடுகள், 15 பெட்டிகள். பெரும்பாலானோர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவர்.

இனித் தரையில் ஓட்டை அடுக்கிப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் நீளத்தில் 8 முழு ஓடுகள் வந்து 20 சென்ரிமீற்றர் மிஞ்சும். அகலத்தில் 6 முழு ஓடுகள் வந்து அங்கும் 20 சென்ரிமீற்றர் மிஞ்சும். முழு ஓடுகள் 8 × 6 = 48. ஓரத்துக்கு 20 சென்ரிமீற்றர் அகலமான துண்டுகள் 8 + 6 = 14 தேவை. ஓர் ஓட்டில் இவ்வாறான இரண்டு துண்டுகளை எடுக்கலாம் என்று கொள்வோம். வெட்டும் தகட்டின் தடிப்பால் மூன்றாவது துண்டு சற்றுக் குறைந்துவிடும். ஆகவே 7 ஓடுகள். மூலைக்கு வேண்டிய சிறு துண்டு மிச்சத்தில் கிடைக்கும். மொத்தம் 55.

கணக்குச் சரி. ஆனால் ஒரு பக்கச் சுவரோரம் முழு ஓடும் எதிர்ச் சுவரோரம் ஒடுங்கிய கீற்றுமாக இருப்பது கண்ணை உறுத்தும். நல்ல மேசன் அறையின் நடுவிலிருந்து அளவெடுப்பார். மிஞ்சிய 20 உடன் ஒரு முழு ஓட்டின் 60 ஐச் சேர்த்து இரண்டாகப் பிரிப்பார். (20 + 60) ÷ 2 = 40. அதாவது இரு சுவரோரங்களிலும் 40 சென்ரிமீற்றர் துண்டுகள் சமமாக அமையும். இப்போது முழு ஓடுகள் 7 × 5 = 35. ஓரத் துண்டுகள் 7 + 7 + 5 + 5 = 24. மூலைகள் 4. ஓர் ஓட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்றை மட்டுமே எடுக்கமுடியும். ஆகவே 35 + 24 + 4 = 63 ஓடுகள். 10% சேர்த்து வாங்கிய 15 பெட்டிகளில் இருப்பவை 60 தானே! கடைசி நாளில் மூன்று ஓட்டுக்காகக் கடைக்கு ஓடவேண்டும். அதே தொகுதி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அழகுக்காக எட்டு ஓடுகள் வீண் என்று நினைக்க வேண்டாம். வெட்டிய 28 ஓடுகளிலும் 20 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் நீளமுமான மிச்சம் ஒவ்வொன்று இருக்கும். சுவரடியில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பதிக்கும் சுவரடி ஓட்டை, அதாவது மேசன்மார் "ஸ்கேர்ட்டிங்" என்பதை, இவற்றில் வெட்டி எடுக்கலாம். மண்டபத்தின் சுற்றளவு 17.6 மீற்றர், 0.9 மீற்றர் வாசல் ஒன்றைக் கழித்தால் 16.7 மீற்றர். 16.7 ÷ 0.6 = 27.8. சரியாக 28 துண்டுகள்! முதல் முறையிலே சுவரடிக்காகத் தனியே 6 ஓடுகள் வேண்டும். மொத்தம் 61 ஆகிவிடும். ஆகவே இரண்டு முறைகளுக்கும் இடையிலான உண்மையான வித்தியாசம் இரண்டு ஓடுகளே. இந்த மண்டபத்துக்கு 17 பெட்டிகள் வாங்கி, மிஞ்சும் ஐந்து ஓடுகளைக் கட்டிலின் கீழ் பத்திரப்படுத்துவதே புத்தி. 2020 இல் அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக ஓடு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதன் அருமை தெரிந்தது.

மேசனைத் தெரிதலும் உடன்படிக்கையும்

சுவர் கட்டும் மேசன் எல்லோரும் ஓடு பதிப்பதில் தேர்ந்தவர்கள் அல்லர். ஒருவரைத் தெரியும்போது அவர் கடந்த கிழமை முடித்த வீட்டைப் பார்ப்பதைவிட, ஒன்றிரண்டு வருடங்களுக்கு முன்னர் முடித்த வீட்டைப் பார்ப்பதே பயனுள்ளது. புதிய தரை எல்லாமே அழகுதான். ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் கடந்த தரையே உண்மையைச் சொல்லும். அந்த வீட்டாரிடம், "சொன்ன நாளுக்கு வந்தாரா, சொன்ன காசுக்கு முடித்தாரா?" என்றும் கேட்டறியலாம்.

சான்றிதழும் கேட்கலாம். இலங்கையில் தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ, 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள். 5, 6 ஆகியன டிப்ளோமா மட்டங்கள். 7 பட்டத்துக்குச் சமமானது. வகுப்பறைக்குச் செல்லாமல் வேலைத்தலத்தில் கற்றுக்கொண்ட மேசனும் தன் திறமையை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி இச்சான்றிதழைப் பெற முடியும். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை கட்டடத் தொழில்வினைஞர்களைப் பதிவுசெய்கின்றது. ஊரில் நல்ல மேசன்மார் பலரிடம் எந்தக் கடதாசியும் இல்லை என்பதும் உண்மை. அதற்காக அவர்களை ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் உங்களுள் ஒருவர் நாளை இத்தொழிலுக்குப் போனால், கடதாசியையும் கையில் வைத்திருங்கள். பெரிய ஒப்பந்தகாரரிடமும் வெளிநாட்டிலும் கூலியை நிர்ணயிக்கும்போது அது உதவும்.

கூலி இரண்டு வகையாகப் பேசப்படும். ஒன்று நாட்கூலி. மற்றையது சதுர அடிக்கு இவ்வளவு என்ற கொந்தராத்து. நாட்கூலியில் வேலை இழுபடும் என்று வீட்டுக்காரர் அஞ்சுவர். சதுர அடிக் கணக்கில் மேசன் அவசரப்படுவார். எவ்வளவு விரைவாக முடிக்கின்றாரோ அவ்வளவு இலாபம். இதில் ஒரு பக்கத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. எனது கருத்து இது: ஓடு பதிக்கும் வேலையைச் சதுர அடிக்குப் பேசலாம். தரையைக் கொத்திச் சுத்தம்செய்து மட்டப்படுத்தும் ஆயத்த வேலையை நாட்கூலிக்குக் கொடுப்பதே நல்லது. அவசரத்தால் கெடுவது அந்த வேலைதான். கொந்தராத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

வணிகக் கல்வி படிப்பவர்களுக்குத் தெரியும்: வாய்ப்பேச்சால் செய்த உடன்படிக்கையும் உடன்படிக்கையே. சிக்கல் எழும்போது அதை நிரூபிப்பதுதான் கடினம். ஆகவே ஒரு கொப்பித் தாளிலாவது எழுதி இருவரும் கையொப்பமிடுவது நன்று. எந்தெந்த அறை, சுவரடி ஓடு கூலிக்குள் அடங்குமா அல்லது நீள அடிக்குத் தனியா, பழைய தரையைக் கொத்துவது யார், பசைச்சாந்து யார் வாங்குவது, கழிவை அகற்றுவது யார், மேசனுக்கும் உதவியாளுக்கும் சாப்பாடு வீட்டிலா என்பவை வரை எழுதலாம். சாப்பாட்டுக்கணக்கில் முறிந்த கொந்தராத்துகளும் உண்டு! பணத்தைத் தவணைகளாகக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. ஆயத்த வேலை முடிய ஒரு பங்கு, ஓடு பதித்து முடிய ஒரு பங்கு, இணைப்புகளை நிரப்பித் தட்டிப் பார்த்த பின்னர் எஞ்சியது. முழுக் காசையும் முன்னே கொடுப்பது எவ்வளவு பிழையோ, வேலை சரியாக முடிந்த பின்னரும் "நாளைக்கு வாரும்" என்று மேசனை நடக்கவைப்பதும் அவ்வளவு பிழை.

ஓடு கிளம்புவது ஏன்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கையின் கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. மண்டபத்துக்குக் கொங்கிறீற்றுப் போட்டுப் பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. மேசன், "ஐயா, இன்னும் ரண்டு கிழமை பொறுத்தால் நல்லது. கீழ ஈரம் காயேல்லை" என்றார். அப்பா, "கலியாணத்தை ஒத்திப்போட ஏலுமே தம்பி? நீர் துவங்கும்" என்றார். மேசன் தொடங்கினார். கலியாணப் படங்களில் தரை பளபளவென்று இருக்கின்றது.

பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு பங்குனி மத்தியானம், மண்டபத்தில் 'படார்' என்று பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் நடுவிலிருந்த இரண்டு வரிசை ஓடுகள் கூரை முகடுபோல ஒன்றையொன்று முட்டி எழும்பி நின்றன. அப்பா மேசனைத்தான் ஏசினார். ஓடுகளைப் பெயர்த்தபோது விடயம் விளங்கியது. ஓடுகளின் பின்புறத்தில் ஐந்து இடங்களில் மட்டும் உருண்டையாகச் சாந்து வைத்த அடையாளம். மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கியதுபோலச் சுத்தம். நான்கு சுவரோரமும் ஓடு இடைவெளியின்றி இறுக்கமாக முட்டியிருந்தது. இவை இரண்டும் மேசனின் பிழை. ஈரம் காயாத கொங்கிறீற்று எங்களின் பிழை. மூன்றும் சேர்ந்தே அந்தச் சத்தத்தை உண்டாக்கின.

இதன் விஞ்ஞானம் எளியது. புதிய கொங்கிறீற்று உலரும்போது பல மாதங்களுக்குச் சுருங்கிக்கொண்டே போகும். சுட்ட ஓடு சுருங்காது. வெப்பத்தால் சிறிதளவு விரியும். ஒரு மீற்றர் ஓடு ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.007 மில்லிமீற்றர் விரிவதாகக் கொள்வோம். 5 மீற்றர் நீளத் தரையின் வெப்பநிலை 20 பாகையால் உயர்ந்தால் விரிவு 5 × 20 × 0.007 = 0.7 மில்லிமீற்றர். கீழே உள்ளது சுருங்க, மேலே உள்ளது விரிய, சுவரோரத்தில் இடமில்லை. ஓடு போகக்கூடிய திசை மேல்நோக்கி மட்டுமே. சாந்து முழுப்பரப்பிலும் பிடித்திருந்தால் ஓரளவு தாங்கும். ஐந்து உருண்டைகளில் நிற்கும் ஓடு தாங்காது. புகையிரதத் தண்டவாளங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுவரோர இடைவெளியும் அதே தத்துவமே.

பதிக்கும் முறை

கொங்கிறீற்றுத் தரை போட்டு ஆகக் குறைந்தது 28 நாட்கள் கழியவேண்டும். தரையிலுள்ள தூசி, எண்ணெய், பூச்சுச் சிதறல் யாவற்றையும் அகற்றவேண்டும். தூசியின் மேல் ஒட்டினால் சாந்து தூசியைப் பிடிக்குமேயன்றித் தரையைப் பிடிக்காது. 2 மீற்றர் நீள நேர்விளிம்புச் சட்டத்தைத் தரையில் வைத்துப் பார்க்கும்போது அதன் கீழ் 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பள்ளம் தெரிந்தால் முதலில் அதை மட்டப்படுத்த வேண்டும். பள்ளத்தைப் பசைச்சாந்தால் நிரப்பிவிடலாம் என்பது பிழையான எண்ணம். தடிப்பு இடத்துக்கிடம் மாறினால் உலர்தலும் மாறும்.

குளியலறையாயின் நீர்புகாப் பூச்சைப் பூசி, வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுதும் நீரைத் தேக்கிக் கசிவு பார்த்த பின்னரே ஓடு பதிக்கவேண்டும். வடிகாலை நோக்கி ஏறத்தாழ 80 இற்கு 1 என்ற சாய்வும் இருக்கவேண்டும்.

அடுத்து அறையின் நடுவில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு நேர்கோடுகளை நூலால் குறிப்பர். அவை செங்குத்தாக உள்ளனவா என்று பார்க்கப் பைதகரசின் தேற்றம் உதவும். வெட்டும் புள்ளியிலிருந்து ஒரு கோட்டில் 3 அடியும் மற்றைய கோட்டில் 4 அடியும் குறித்தால், அக்குறிகளுக்கிடையிலான தூரம் சரியாக 5 அடியாக இருக்கவேண்டும். தேற்றத்தின் பெயரை அறியாத மேசன்மாரும் இந்த 3, 4, 5 ஐ அறிவர். பின்னர் சாந்தின்றி ஓடுகளை அடுக்கி, ஓரத் துண்டுகளின் அளவை முற்கூட்டியே பார்த்துக்கொள்வர்.

பசைச்சாந்தைப் பைக்கற்றில் உள்ள அளவுப்படி நீரில் குழைத்து, பற்களுள்ள கரண்டியால் ஒரே திசையில் கோடுகள் விழும்படி பரப்பவேண்டும். வட்டமாகச் சுழற்றிப் பரப்பினால் காற்று உள்ளே அகப்பட்டுவிடும். பெரிய ஓடாயின் அதன் பின்புறத்திலும் மெல்லியதாக ஒரு படை பூசவேண்டும். ஓட்டை வைத்து அழுத்தி, சிறிது முன்னும் பின்னுமாக அசைத்து, இறப்பர்ச் சுத்தியலால் தட்டி, நீர்மட்டக் கருவியால் மட்டம் பார்க்கவேண்டும். இடைக்கிடையே இப்போது வைத்த ஓட்டையே தூக்கி அதன் பின்புறத்தைப் பாருங்கள். உலர்ந்த அறைகளில் பரப்பின் 80% ஆவது, குளியலறையிலும் வெளியிடங்களிலும் 95% ஆவது சாந்து பிடித்திருக்கவேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இதனைக் கேட்டால் மேசன் கோபிப்பார் என்று தயங்கவேண்டியதில்லை. வேலை தெரிந்தவர் தாமே தூக்கிக் காட்டுவார்.

ஒரே தடவையில் அறை முழுவதும் சாந்தைப் பரப்பக்கூடாது. எமது வெப்பத்தில் மேற்பரப்பு விரைவில் தோல்கட்டிவிடும். விரலால் தொட்டுப் பார்த்துச் சாந்து விரலில் ஒட்டாவிட்டால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பரப்பவேண்டும். ஓடுகளுக்கிடையில் சிலுவை வடிவப் பிளாஸ்ரிக் துண்டுகளை வைத்து 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுவர். சுவரோரத்தில் 5 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி விட்டு, அதனைச் சாந்தால் அடைக்காமல் விடவேண்டும். சுவரடி ஓடு அதை மறைத்துவிடும். யாரும் காணாத அந்த வெற்றிடமே எங்கள் மண்டபத்தில் இல்லாமற் போனது.

ஒரு நாள் கழிந்த பின்னர் இணைப்புகளை நிரப்பும் சாந்தை, மேசன்மார் "கிறவுட்" என்பதை, இறப்பர்ப் பட்டையால் மூலைவிட்டத் திசையில் இழுத்து நிரப்பவேண்டும். நீர் கூடினால் அது உலர்ந்தபின் உதிரும், நிறமும் திட்டுத்திட்டாகும்.

ஓடு வெட்டும் இடத்தில் சிறுவர்களை நிறுத்தவேண்டாம். வெட்டும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. தொடர்ந்து சுவாசித்தால் சுவாசப்பையை இறுகச்செய்யும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். அதற்கு முழுமையான மருத்துவம் இல்லை. நீர் ஊற்றி வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் நீரும் மின்சாரமும் சேர்வதால் மின்வழங்கல் பொசிவு காக்கும் சுற்றுடைப்பான் ஊடாகவே இருக்கவேண்டும். முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் தேவை. ஈரச் சீமெந்து வன்மையான காரம்; வெறுங்கையால் நாள்முழுதும் தொட்டால் தோல் புண்ணாகும். நாட்கூலிக்கு வரும் உதவியாளுக்கு இவற்றை வாங்கிக் கொடுப்பது யார் என்பதையும் அந்தக் கொப்பித் தாளில் எழுதிவிடலாம்.

வேலையை ஏற்கும்போது கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒரு கரண்டிக் காம்பால் ஒவ்வோர் ஓட்டையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பாருங்கள். பிடித்த ஓடு கல்லைத் தட்டியதுபோல் அடங்கி ஒலிக்கும். பிடிக்காத ஓடு வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். அப்படி ஒலிப்பவற்றில் சோக்கால் குறியிட்டு மேசனுக்குக் காட்டுங்கள். மூலையில் மட்டும் ஒலிப்பது ஒன்றிரண்டாயின் பெரிதுபடுத்தவேண்டாம். வாசலிலும் நடைவழியிலும் உள்ளவற்றை மாற்றச் சொல்லலாம். இரண்டு ஓடுகளின் விளிம்புகள் சந்திக்குமிடத்தில் விரல் நகம் தட்டுப்படுகின்றதா என்றும் பாருங்கள். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது எங்கே தேங்குகின்றது என்று சிறிது நேரம் நின்று பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. சுவர் ஓட்டைச் சீமெந்துச் சாந்தில் பதிப்பதற்கு முன் நீரில் ஊறவைப்பதும், போசலின் ஓட்டை ஊறவைக்காததும் ஏன்? விளக்குக.
விடைக் குறிப்பு: நுண்துளை, நீர் உறிஞ்சல், சீமெந்து இறுகுவதற்கு நீரின் தேவை ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்துக. "பழக்கம்" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது.

2. உலர்ந்த ஓடு ஒன்றின் திணிவு 1.80 கிலோகிராம். நீரில் ஊறிய பின் 2.07 கிலோகிராம். நீர் உறிஞ்சல் சதவீதத்தைக் காண்க. அதனை மண்டபத் தரைக்குச் சிபாரிசு செய்வீரா?
விடைக் குறிப்பு: 0.27 ÷ 1.80 × 100 = 15%. 10% இற்கு மேற்பட்டதால் இது சுவருக்குரியது. வகுக்கவேண்டியது உலர்ந்த திணிவால், 2.07 ஆல் வகுப்பது மாணவர் விடும் பொதுவான பிழை.

3. 4.4 மீற்றர் நீளமும் 3.2 மீற்றர் அகலமுமான அறைக்கு 60 சென்ரிமீற்றர்ச் சதுர ஓடு பதிக்கவேண்டும். ஓரத் துண்டுகள் இரு பக்கமும் சமமாக வருமாறு திட்டமிட்டு, தேவையான ஓடுகளைக் காண்க.
விடைக் குறிப்பு: நீளத்தில் 7 முழு ஓடும் 20 சென்ரிமீற்றர் மிச்சமும், சமப்படுத்தினால் 6 முழு ஓடும் இரு ஓரத்திலும் 40 உம். அகலத்தில் 5 முழு ஓடும் 20 மிச்சமும். சமப்படுத்தினால் 4 முழு ஓடும் இரு ஓரத்திலும் 40 உம். 24 + 20 + 4 = 48 ஓடுகள். பரப்பளவுக் கணக்கில் 10% சேர்த்தால் 44 மட்டுமே வரும்.

4. குளியலறை ஒன்றில் வடிகால் தூரச் சுவரிலிருந்து 2.4 மீற்றரில் உள்ளது. சாய்வு 80 இற்கு 1 எனின், சுவரோரம் வடிகாலைவிட எவ்வளவு உயர்ந்திருக்கவேண்டும்?
விடைக் குறிப்பு: 2400 ÷ 80 = 30 மில்லிமீற்றர்.